கேம் கன்சோல் வாங்கும் முன்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் கணக்கு வேலை. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆட்டம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் இப்படித்தான் ஆடிவருகிறேன். வீட்டில் கன்சோல் (டிவியோடு இணைத்து கேம் ஆடும் பெட்டி) இருப்பது தெரிந்ததிலிருந்து உறவினர்கள், உடன் வேலை செய்கிறவர்கள், பிள்ளைகளின் நண்பர்களுடைய பெற்றோர் என்று பலரும் ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னைப் போல நேரம் கிடைக்கும்போது மட்டும் ஆடுகிறவர்களுக்கானவை.

"வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. இதற்கென்று தனியாக ஒரு பெட்டி எதற்கு?"

சோபாவில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தி, நேற்று விட்ட இடத்திலிருந்து ஆடுவதற்கு. கம்ப்யூட்டரில் ஒரு கேமை ஓடவைக்க கிராபிக்ஸ் கார்டு போதுமா, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தோமா என்று பார்க்க வேண்டும். கன்சோலில் அந்தக் கவலை இல்லை. அந்தப் பெட்டிக்கென்றே கேமைச் செய்கிறார்கள், போட்டால் ஓடும்.

போனில் நல்ல கேம்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இடையிடையே விளம்பரம் காட்டியும், "இன்னும் நாணயம் வாங்கு" என்று நச்சரித்தும் பிழைப்பவை. ஒரு முறை பணம் கொடுத்துவிட்டு, தொந்தரவில்லாமல் ஒரு கதையை முழுதாக அனுபவிக்க வேண்டும் என்றால் எனக்குக் கன்சோல்தான் சரி.

"அண்ணா, சுற்றி வளைக்காமல் ஒரே பெயராகச் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?"

உன்னோடு யார் உட்காரப்போகிறார்கள் என்று சொன்னால் ஒரே பெயர் சொல்லிவிடுவேன். தனியாக ஆடும் பெரியவர், பெரிய கதைகள் பிடிக்கும் என்றால் டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு சேர்ந்து ஆடவும், ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகவும் என்றால் நின்டெண்டோ ஸ்விட்ச். அதிலுள்ள சிக்கலைப் பின்னால் சொல்கிறேன்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் சின்னப் பெட்டி, 2020 நவம்பரில் இங்கே 34,990 ரூபாய்க்கு வந்தது. அதில் டிஸ்க் போட இடமில்லை. 512 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் இருந்தாலும் கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி. பெரிய கேம் ஒன்றே நூறு ஜிபியை விழுங்குகிற காலத்தில் மூன்று நான்கு கேம்களில் அது நிரம்பிவிடும். மாதச் சந்தா கட்டிப் பல கேம்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்துப் பார்க்க விரும்புகிறவருக்கு அது போதும்.

"புதிதாக ஒன்று வந்திருக்கும்போது பழையதை வாங்கினால் ஏமாந்துபோக மாட்டோமா?"

மாட்டோம். ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5-ஆம் தேதி. 7.9 அங்குலத் திரை, 256 ஜிபி சேமிப்பு, வந்தபோது அமெரிக்காவில் 449.99 டாலர். அது நல்ல கருவிதான். ஆனால் முதல் ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்து, 15 கோடிக்கு மேல் விற்ற கன்சோல். எட்டு ஆண்டுகளில் அதற்கு வந்த கேம்களில் நமக்குப் பிடித்ததை மட்டும் ஆடி முடிக்கவே, நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடுகிறவனுக்குப் பல ஆண்டுகள் ஆகும். நாளைக்கு ஸ்விட்ச் 2 வாங்கினாலும் பழைய கேம்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். வாங்கிய கேசட் (ஸ்விட்ச் கேம் இருக்கும் சிறு சில்லு அட்டை) வீணாகாது.

மாறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விட்ச் 2-இல் கேம்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகை மெமரி கார்டுதான் வேண்டும். பழைய கார்டைச் செருகினால் அதிலுள்ள படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். என் மைத்துனர் இது தெரியாமல் 512 ஜிபி சாதாரணக் கார்டு வாங்கிவந்து, அதைக் கடைசியில் போனில் போட்டுக்கொண்டார்.

"விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா?"

இப்படிக் காத்திருந்தது ஒரு காலத்தில் சரியான கணக்கு. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000-இல் 299 டாலருக்கு வந்தது, 2002-இல் 199 ஆனது, 2009-இல் 99 டாலருக்கே கிடைத்தது. உள்ளே இருக்கும் சிப்புகளைச் செய்யும் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அந்த லாபத்தில் ஒரு பங்கு நமக்கும் வந்தது.

இந்தத் தலைமுறையில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025-இல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்கும் விலை ஏறியது. ஐந்து ஆண்டு பழைய பெட்டிக்கு விலை ஏறுவது எனக்குக் கோபமூட்டுகிறது. சாதாரண வருமானக்காரர்கள் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைந்த வழியே அந்த விலை இறக்கம்தான். ஆகவே அடிப்படை விலை குறையும் என்று காத்திருக்க வேண்டாம். தீபாவளியை ஒட்டி வரும் தள்ளுபடிக்கு வேண்டுமானால் காத்திருங்கள்.

கேம்களுக்கு நிலைமை வேறு. வெளியாகும் நாளில் 4,999 ரூபாய்க்கு விற்கும் கேம் ஓராண்டில் பாதி விலைக்கு வருவது சாதாரணம். நின்டெண்டோவின் சொந்தக் கேம்கள் மட்டும் விலகி நிற்கும். அவை ஆண்டுக் கணக்கில் இறங்குவதில்லை.

"எங்கள் டிவி பழையது. 4கே இல்லாமல் இதெல்லாம் வீண்தானே?"

வீண் இல்லை. பழைய கன்சோலுக்கும் புதியதற்கும் நான் உணர்ந்த பெரிய வித்தியாசம் படத்தின் தெளிவு அன்று, காத்திருக்கும் நேரம். முந்தைய தலைமுறையில் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஒரு கேம் திறப்பதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். இப்போதைய கன்சோல்களில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் இருப்பதால் சில நொடிகளில் ஆட்டத்துக்குள் இருக்கிறோம். ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்கிறவருக்கு அதில் பத்து நிமிடம் மிச்சம்.

புதிய டிவி வாங்கும் முன் ரிமோட்டை எடுத்து "கேம் மோட்" என்ற அமைப்பைத் தேடிப் பாருங்கள். டிவி படத்தை அழகுபடுத்த ஒவ்வொரு காட்சியையும் கொஞ்சம் பிடித்துவைத்து வெளியிடுகிறது. சினிமா பார்க்கும்போது அது தெரியாது, ஆட்டத்தில் தெரியும். என் சித்தப்பா வீட்டில் கேம் நாயகன் மாரியோ ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்துகொண்டிருந்தான். பொத்தானை அழுத்திய பிறகு, கண்ணால் பார்க்கும் அளவுக்குத் தாமதித்துத்தான் குதித்தான். கேம் மோடைப் போட்டதும் அதே டிவியில், அதே கையில், பள்ளங்களைத் தாண்டினான். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

"டிஸ்க் உள்ளது வாங்கலாமா, டிஸ்க் இல்லாதது வாங்கலாமா? இல்லாதது விலை குறைவாக இருக்கிறதே?"

டிஸ்க் உள்ளது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. டிஸ்க் என்றால் ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், பாதி விலைக்குப் பழையதாக வாங்கலாம். எங்கள் அலுவலகத்தில் நால்வர் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கிச் சுற்றில் விடுகிறோம். அட்டைப்பெட்டிக்குள் யார் எப்போது முடித்தார்கள் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவைப்போம். டிஸ்க் இல்லாத பெட்டியில் மிச்சம் பிடித்த பணம் நான்கைந்து கேம்களிலேயே போய்விடும்.

அதைவிட முக்கியமானது உரிமை. இணையக் கடையில் நாம் பணம் கொடுத்து எடுப்பது பெரும்பாலும் ஆடுவதற்கான அனுமதி மட்டுமே. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், இதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் கடைகள் "வாங்கு" என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்று சட்டமே வந்திருக்கிறது. நின்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடை 2023 மார்ச் 27-இல் புதிய விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டுமே விற்ற கேம்களை இன்று நேர்வழியில் வாங்க முடியாது.

ஆனால் டிஸ்க்கும் முழுக் காப்பு இல்லை. தி குரூ என்ற 2014-ஆம் ஆண்டுக் கார் பந்தயக் கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். இணையம் இல்லாமல் அது ஓடாது என்பதால் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் தட்டுதான். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேசட்டுகளுக்குள் கேமே இருப்பதில்லை. சாவி மட்டும்தான், கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அட்டையின் முன்பக்கத்தில் அதை அச்சிட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள்.

"நின்டெண்டோ இந்தியாவில் விற்பதே இல்லையாமே?"

உண்மைதான். ஸ்விட்சை அந்த நிறுவனம் இங்கே நேரடியாக விற்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் இணையக் கடைகளிலும் கிடைப்பவை யாரோ இறக்குமதி செய்தவை. கடைக்காரர் தரும் உத்தரவாதம்தான் உத்தரவாதம். அதனால் பில் தரும் கடையில், பெட்டியைப் பிரித்து, கையில் பிடித்து ஆடும் இரண்டு கண்ட்ரோலரையும் அங்கேயே அசைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இணையக் கடையிலும் இந்தியா என்ற நாடு இல்லை. கணக்கை வேறொரு நாட்டில் வைத்துத்தான் நுழைய வேண்டும். கேசட் வாங்கும் நாட்டையும் கணக்கின் நாட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

"துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கிவருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா?"

ஓடும். மின்சாரத்தைப் பொறுத்தவரை ஸ்விட்ச் சார்ஜரும் பிளேஸ்டேஷன் 5-உம் நம் 230 வோல்ட்டைத் தாங்கும். பிளக் முனை மட்டும் மாற வேண்டியிருக்கும். கேம் டிஸ்க்குகளுக்கும் கேசட்டுகளுக்கும் பொதுவாக நாட்டுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பிறகு அதே கேமுக்குக் கூடுதல் பகுதி ஒன்றை இணையத்தில் வாங்கினால், அது டிஸ்க் வெளியான வட்டாரத்தோடு பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் பணம் போகும், பகுதி திறக்காது. உத்தரவாதமும் அந்த நாட்டோடு நின்றுவிடலாம்.

"சந்தா கட்டாவிட்டால் ஆடவே முடியாதா?"

தனியாகவோ ஒரே அறையில் சேர்ந்தோ ஆட எந்தச் சந்தாவும் வேண்டாம். இணையம் வழியாக வேறொருவரோடு ஆடத்தான் வேண்டும். ஃபோர்ட்நைட் போல இலவசமாகத் தரும் கேம்களுக்குப் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அதுவும் தேவையில்லை. என் கருத்து: ஆண்டு முழுவதற்கும் கட்டாதீர்கள். பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் கட்டி, ஆடி, தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்திவிடுங்கள்.

"ஒவ்வொரு ஆண்டும் புது ஃபிஃபா வாங்க வேண்டுமா?"

வேண்டாம். அந்தக் கால்பந்து கேமுக்கு ஃபிஃபா என்ற பெயரே 2022-இல் வந்த ஃபிஃபா 23-உடன் முடிந்து, அடுத்த ஆண்டிலிருந்து இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி ஆகிவிட்டது. வீட்டில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட, இரண்டு ஆண்டு பழைய டிஸ்க் போதும்.

"கரண்ட் போனால் கெட்டுவிடுமா?"

திடீரென்று அணைந்தால், அந்த நேரத்தில் சேமித்துக்கொண்டிருந்த ஆட்டம் பாழாகலாம். அடிக்கடி நடந்தால் கன்சோலுக்கும் நல்லதல்ல. வீட்டு இன்வெர்ட்டரில் "யுபிஎஸ் மோட்" என்ற பொத்தான் இருந்தால் அதில் வையுங்கள். மின்சாரம் மாறும் நேரம் குறைந்து பெட்டி அணையாது. பிளேஸ்டேஷன் 5 ஆடும்போது சுமார் 200 வாட் இழுக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்விட்சில் பேட்டரி இருப்பதால் கையில் எடுத்துத் தொடரலாம்.

"அம்மாவுக்கும் வீட்டுக்காரிக்கும் இதெல்லாம் தெரியாது. எல்லோரும் சேர்ந்து ஆட ஏதாவது இருக்கிறதா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஆடத் தெரியாதவர் கையில் கண்ட்ரோலரைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு குச்சி, பத்துக்கு மேல் பொத்தான். இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க. நடந்துகொண்டே திரும்பிப் பார்ப்பது நமக்கு மூச்சு விடுவது போல வரும். அவர்கள் கூரையைப் பார்த்தபடி சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதில் அவர்களின் குறை ஒன்றுமில்லை, நாம் சிறுவயதில் கற்ற மொழி அது. இட் டேக்ஸ் டூ போன்ற இருவர் கேமைத் தம்பதிகளுக்கென்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். அருமையான கேம், 2021-இன் சிறந்த கேம் விருதும் பெற்றது. ஆனால் தாவவும் ஓடவும் வேண்டும் என்பதால் அது முதல் கேமாகச் சரிவராது. கையை வீசினால் பந்து உருளும் பௌலிங், அல்லது தானே திரும்பிக்கொள்ளும் உதவியோடு வரும் மாரியோ கார்ட் என்று தொடங்குங்கள்.

அம்மாவுக்கு நான் போட்டது வெண்பா என்ற கேம். கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து 2023 ஜூலை 31-இல் வெளிவந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கும். விட்டுப்போனதை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது.

நான் ஆடிக்கொண்டிருந்தேன், அம்மா வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இட்லிக் குறிப்பில் எழுத்து அழிந்த இடத்தில் நான் தயங்கி நின்றேன். "குறிப்பு இல்லாவிட்டால் என்ன? எனக்குத் தெரியும், இப்படிக் கொடு" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். எழுபது வயதில் முதல் முறையாகக் கண்ட்ரோலரைப் பிடித்தவர் புட்டு வரைக்கும் திருப்பித் தரவில்லை. மகன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் இடம் வந்தபோது மட்டும் வெங்காயத்தைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்தார். விலையுயர்ந்த எந்தக் கேமும் எங்கள் வீட்டில் அதைச் செய்ததில்லை.

"ஈஸியில் (எளிய நிலையில்) வைத்து ஆடுவது ஏமாற்று வேலை என்று பையன் கேலி செய்கிறான். சரியா?"

தொண்ணூறுகளில் கான்ட்ரா என்ற சுடும் கேமை ஆடியவர்களைக் கேளுங்கள். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. இந்த வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். அந்தக் குறியீடு முதலில் வந்தது 1986-இல் கிரேடியஸ் கேமில். அதை உருவாக்கிய கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அந்தக் கேமைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு ஆட வரவில்லை. அதனால்தான் அதைச் சேர்த்தார். செய்தவரே உதவி வைத்துக்கொண்டார். நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்து, ஒரே ராட்சசனிடம் பதினைந்து முறை தோற்பது உங்களுக்குச் சந்தோஷம் என்றால் அப்படி ஆடுங்கள். நான் கதையைப் பார்க்க ஆடுகிறேன், ஈஸியில்தான் ஆடுகிறேன்.

"கையை வைக்காமலேயே ஆள் தானாக நடக்கிறான். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?"

இதை டிரிஃப்ட் என்பார்கள். குச்சிக்குக் கீழே உராய்ந்து அளக்கும் ஒரு பாகம் இருக்கிறது. ரேடியோவின் வால்யூம் திருகு போன்றது. தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ, நடுவில் நின்றாலும் நகர்ந்ததாகச் செய்தி அனுப்பும். முதலில் அமைப்புகளுக்குள் போய் அளவுதிருத்தம் செய்து பாருங்கள். போகாவிட்டால், உத்தரவாதக் காலம் இருந்தால் பிரிக்காமல் கொடுத்துவிடுங்கள். காலம் முடிந்திருந்தால் குச்சிப் பாகத்தை மட்டும் மாற்றித்தரும் கடைகள் இருக்கின்றன. எனக்கு ஒரு கடையில் புதிய கண்ட்ரோலர்தான் வழி என்றார்கள். அடுத்த தெருவில் ஒருவர் பற்றவைப்புக் கம்பியோடு உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் சரிசெய்தார். புதிதாக வாங்குவதானால் "ஹால் எஃபெக்ட்" என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது காந்தத்தால் அளப்பது, உரசாததால் அப்படித் தேயாது.

"பையன் அடிமையாகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அரசாங்கமே ஆன்லைன் கேமைத் தடை செய்துவிட்டதே?"

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் கட்டி, பணம் ஜெயிக்க ஆடும் இணைய விளையாட்டுகளை. ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைத் தமிழ்நாட்டில் நாம் பார்த்திருக்கிறோம். வீட்டில் மாரியோ ஆடுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடிமைத்தனம் பற்றிய பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் கேமிங் கோளாறு இருக்கிறது. ஆனால் அதன் அளவுகோல் கடுமையானது: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதலாவது, கேடு தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்து, படிப்பையோ குடும்பத்தையோ கெடுத்திருக்க வேண்டும். விடுமுறையில் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆடியதற்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள். பெட்டியைக் கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். மூன்று கன்சோல்களிலும் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது. நேரத்தையும் செலவையும் பூட்டலாம். கடன் அட்டை எண்ணைக் கணக்கில் சேமித்துவைக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது அவனோடு உட்கார்ந்து தோற்றுப்போங்கள்.

"சித்தப்பா, ஜிடிஏ 6 வரும்போது வாங்கிக்கொடுப்பீர்களா?"

உனக்குப் பன்னிரண்டு வயது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற அந்த வரிசைக் கேம்களின் அட்டையில் 18 என்ற எண் சிவப்புக் கட்டத்தில் இருக்கும், மாட்டேன். பெரியவர்களுக்கு: முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, பிறகு நவம்பர் 19 என்று தள்ளிப்போட்டார்கள். அதற்காக இப்போதே கன்சோல் வாங்கிவைக்காதீர்கள். கேம் கடைக்கு வந்த பிறகு, டிஸ்க் பற்றி மேலே சொன்னதை மனதில் வைத்து வாங்குங்கள்.

"புதியது வாங்கப்போகிறேன். பழைய ஸ்விட்சை விற்றுவிடலாமா?"

விற்கலாம், அவசரப்படாமல். நாம் ஆடிய ஆட்டத்தின் பதிவு கேசட்டிலும் இல்லை, மெமரி கார்டிலும் இல்லை, கருவிக்குள்ளேயே இருக்கிறது. பலரும் கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, பெட்டியை அழித்துக் கொடுத்துவிட்டு, பிறகு கேட்கிறார்கள். இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்து முழுதாக மாற்றிய பிறகே பழையதை அழியுங்கள்.

தீவு ஒன்றை வளர்க்கும் அனிமல் கிராசிங் கேமை ஆடியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதன் தீவை மட்டும் நகர்த்த நின்டெண்டோ இலவசமாக ஒரு தனி மென்பொருளைத் தருகிறது, அதை முதலில் இறக்குங்கள். 2020 ஊரடங்கில் என் மகள் அந்தத் தீவில் ஒரு தென்னை வரிசை நட்டாள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை தினமும் அங்கே போய்வந்தாள். புதிய கருவியில் அந்தத் தென்னைகள் தெரிகின்றனவா என்று அவளையே பார்க்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பழைய பெட்டியை நண்பரிடம் கொடுத்தேன்.